பதினேழாம் தேதிப் பேப்பர்

அந்தக் கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு எதுக்குத் தம்பி வர்றீங்க, இங்க உக்காருங்க. இந்தப் பைய நான் மடியில வச்சுக்கிறேன். பரவாயில்ல, உங்க அம்மா வயசு எனக்கு. நீங்க கண்டக்டர்கிட்ட செங்குளத்துப்பட்டின்னு டிக்கெட் கேட்டது காதுல விழுந்துச்சு. அது வர இன்னும் நேரம் கெடக்கு. இந்த வண்டி போற லட்சணத்துக்கு நடந்தே போயிரலாம்.

சொந்த ஊரா? ஓ, பொண்ணு எடுத்த ஊரா. அப்ப எல்லாரையும் தெரியும்னு சொல்லுங்க. நல்லதாப் போச்சு.

நானா? லைப்ரரில வேலை. பாத்தீங்களா, உடனே சிரிக்கிறீங்க. ஃபேன் காத்துல உக்காந்து கதப்புஸ்தகம் படிக்கிற உத்தியோகம்னு நெனைக்கிறீங்க, தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி, நான் வேலைக்குச் சேந்து. ஒரு புஸ்தகத்த மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிச்சிருந்தா என் பேர மாத்திக் கூப்பிடுங்க. எங்க நேரம்? வர்றதுக அத்தனையும் அப்படி. கவர்மெண்டுப் பரீச்சைக்குப் படிக்கிறோம்னு நாலு பயலுக வருவானுக. வந்ததும் செல்போன சார்ஜுல சொருகிட்டு, கனமான புஸ்தகமாப் பாத்து எடுத்துத் தலைக்கு வச்சுத் தூங்குவானுக. அப்புறம் ஒரு ரிட்டயர்டு தாசில்தாரு. காலையில கதவத் தொறக்குறதுக்கு முன்னாடி வாசல்ல நிப்பாரு. குச்சியில மாட்டி வச்ச பேப்பரக் கழட்டி, தாள் தாளாப் பிரிச்சு, ஒண்ணக் கையில வச்சுக்கிட்டு மத்ததுக மேல உக்காந்துக்குவாரு, அடுத்தவன் படிச்சிரக் கூடாதுன்னு. பெரிய சமஸ்தானம்! வீட்டுக்கு ஒரு பேப்பர் போடச் சொல்ல மனசு வராத சமஸ்தானம்.

இதுகளையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். வெட்டிக்கிட்டுப் போற களவாணிப் பயலுக இருக்கானுக பாருங்க, அவனுகளத்தான் எனக்குக் கண்டா ஆகாது. வேலை விளம்பரம், சினிமாக்காரி படம், ராசிபலன், எதையும் விட மாட்டானுக. பிளேட வச்சுச் சத்தமில்லாம ஒரு இழுப்பு. மடிச்சு ஜோபுல வச்சுக்கிட்டு, "வர்றேன் மேடம்"னு ஒரு கும்பிடு வேற. நான் போர்டே எழுதி மாட்டினேன், என் கையால: "நாளிதழை வெட்டுபவர் அடுத்த வாசகரின் கண்ணைக் குத்துகிறார்." எப்படி இருக்கு? நானே யோசிச்சு எழுதினது தம்பி. இன்னைக்கும் தொங்குது.

போன வருஷம் மேலருந்து ஒரு ஆர்டர் வந்துச்சு. பழைய பேப்பரையெல்லாம் போட்டோப் புடிச்சுக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே வாசகர் கேட்டா தேடி எடுத்துக் குடுக்கணும், அதுக்கு எல்லாரும் ரெண்டு நாள் டிரெயினிங் வாங்கன்னு. எண்ணெய்ச் சட்டியிலருந்து எடுத்து அடுப்புல போட்ட கதைதான். இருக்குற வேலைக்கே ஆள் இல்ல. இதுல பழைய பேப்பரு!

அந்தப் பழைய பேப்பரு எங்கருந்து போச்சுன்னு நெனைக்கிறீங்க? எங்கிட்டருந்துதான். எங்க பக்கத்துல முன்னாடி "வைகறைச் செய்தி"ன்னு ஒரு பேப்பர் வந்துச்சு. நாலஞ்சு ஜில்லாவுக்கு மட்டும். அதெல்லாம் மூடிட்டுப் போயிட்டான். மத்த லைப்ரரியில எல்லாம் பழசை எடைக்குப் போட்டுட்டாக. எங்கிட்ட மட்டும் கட்டுக்கட்டா இருந்துச்சு, மாடிப்படிக்கு அடியில. ஏன் இருந்துச்சு? எடைக்குப் போடணும்னா மேல எழுதிக் கேக்கணும், அவுக ஆள் அனுப்பிப் பாக்கணும், மூணு காப்பி எழுதணும். எவ எழுதுவா? கெடக்கட்டும்னு தள்ளி வச்சேன். அதான் இன்னைக்குப் பொக்கிஷம்னு வண்டி வச்சு வந்து அள்ளிக்கிட்டுப் போனானுக. என்னைய வந்து யாராவது ஒரு வார்த்த, "அகிலாண்டம் மேடம், உங்களால தப்பிச்சுச்சு"ன்னு? ம்ஹூம். கையெழுத்துப் போடுங்கன்னானுக. போட்டேன்.

மாசக் கடைசியில பேப்பரச் சணல் போட்டுக் கட்டும்போது நமக்குப் பிடிச்சது ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சுக்கிறதுதான். ஒரு கோலம், ஒரு கொழம்பு வைக்கிற பக்குவம். அது வேற விஷயம். எல்லாரும் படிச்சு முடிச்ச பேப்பரு, இனிமே எவன் தொடப் போறான்? களவாணி வெட்டுறது வேற, இது வேற. அத விடுங்க.

டிரெயினிங் சொல்லிக்கிட்டிருந்தேன்ல. கழுத்துல கயிறு மாட்டின ஒரு பய வந்தான் சொல்லிக் குடுக்க. மீச கூடச் சரியா மொளைக்கல. "மேடம், மவுஸ மெதுவாப் பிடிங்க, அது எங்கயும் ஓடிறாது"ங்கிறான். ஹால் முழுக்கச் சிரிப்பு. "ஏன் தம்பி, உனக்குக் குச்சியில பேப்பர் மாட்டத் தெரியுமா?"ன்னேன். அப்புறம் பாஸ்வேர்டுன்னு ஒண்ணு சொன்னான். உயிர் போனாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். சொல்லிட்டு, கரும்பலகையில இம்மாம் பெரிசா எழுதுறான், எல்லாருக்கும் அதே பாஸ்வேர்டு. டீ குடுக்க வந்த ஆளுகூடப் படிச்சுப் பாத்துட்டுப் போனான். இவனுகதான் நாட்டக் கம்ப்யூட்டர் மயமாக்கப் போறவனுக.

ஆபீசுக்கு வந்தா அங்க ஒண்ணு. பெனாசிர்னு ஒரு புள்ள, புதுசாப் போஸ்டிங் வாங்கிட்டு வந்திருக்கு. நேத்துப் பொறந்தது. பத்து விரலும் அந்தக் கட்டையில ஓடும், கண்ணு நம்மளப் பாக்கும். அப்படி அடிச்சாத்தான் திறமையாம். நான் ஒரு விரல்லதான் அடிப்பேன். அடிச்ச எழுத்து விழுந்துச்சான்னு பாத்துட்டு அடுத்தத அடிப்பேன். பொறுப்புன்னா அதான்.

மொத மொத வந்து நின்னது நம்ம தாசில்தாருதான். அவரு ரிட்டயர் ஆனப்ப ஊரே கூடி விழா எடுத்துச்சாம், மாலை போட்டாகளாம், பேப்பர்ல வந்துச்சாம், அத எடுத்துக் குடுக்கணுமாம். சரின்னு உக்காந்தேன். தேடுறதுக்கு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல வரிசையா அடிச்சேன். வாசகர் பெயர், உறுப்பினர் எண், வேண்டியது, தேதி. எங்க லைப்ரரில எந்தப் புஸ்தகம் உள்ளருந்து எடுக்கணும்னாலும் சீட்டு அப்படித்தான் எழுதணும். யாருக்குன்னு தெரியாம எப்படி எடுத்துக் குடுக்கிறது? அடிச்சு முடிக்கவே அரைமணி நேரம். தட்டினா, "முடிவுகள் எதுவும் இல்லை"ங்குது. காலி டப்பா! இதுக்குத்தான் இம்புட்டு அலட்டல்னேன்.

அந்தப் புள்ள பின்னால நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. "மேடம், அது சீட்டு இல்ல. செய்தியில என்ன வார்த்த வந்திருக்குமோ அத மட்டும் போடணும்."

"யார் கேக்குறாகன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"அதுக்கு எதுக்கு மேடம் அது? அவருக்கும் ஒண்ணுதான், கலெக்டருக்கும் ஒண்ணுதான்."

அங்கதான் எனக்கு அந்த எந்திரத்து மேல லேசா ஒரு மரியாத வந்துச்சு, சொல்லணும்ல. தாசில்தார் பேர மட்டும் போட்டேன். விழாவும் வரல, மாலையும் வரல. பட்டா மாத்திக் குடுக்காம இழுத்தடிச்சாருன்னு ஜனங்க இவரு ஆபீச முற்றுகை போட்ட செய்தி மூணு வந்துச்சு. மூணையும் பிரிண்டு எடுத்து, மடிக்காம, மரியாதையாக் கையில குடுத்தேன். மனுஷன் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலை வைக்கல.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டேன் தம்பி. ஒரு விரல்லயே. தேதி போட்டுத் தேடுறது, ஊர் போட்டுத் தேடுறது, பக்கத்தப் பெரிசாக்குறது. செய்தி பரவி ஊர்ல இருக்கிற தற்பெருமைக்காரனெல்லாம் வந்துட்டான். தன் பேரு பேப்பர்ல வந்துச்சுன்னு சொல்லாத ஆள் கிடையாது. தேடிப் பாத்தா ஒருத்தன் பேரும் இருக்காது. எல்லாம் இவனுகளா வீட்டுல சொல்லி வச்ச கதை.

அப்ப வந்தவதான் அந்தப் பொண்ணு. உங்க செங்குளத்துப்பட்டிதான். மில்லுக்குப் போகுதே, காளீஸ்வரி. தெரியுமா? தெரியுமா! சரி, சரி, இருங்க, சொல்லி முடிச்சிர்றேன்.

வந்து மேஜைக்கு முன்னால நின்னுக்கிட்டு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுப் பேசுது. ஒண்ணும் வெளங்கல. "கையை எடுத்துட்டுப் பேசும்மா, நான் என்ன உன் மாமனாரா?"ன்னேன். எடுத்துச்சு. எத்துப்பல்லு. அதுக்குத்தான் அந்த மறைப்பு. ரெண்டு வார்த்த பேசும், கை தானாப் போயி வாயில நிக்கும்.

விஷயம் இதுதான். அதோட அம்மா பேரு வெள்ளத்தாய். தொண்ணூத்தி ரெண்டுல, அறிவொளி இயக்கம்னு வயசானவுகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுத்தாகள்ல, அப்பப் பொம்பளைகளுக்குச் சைக்கிளும் சொல்லிக் குடுத்தாக. இந்த வெள்ளத்தாய் கைப்புள்ளய அக்காகிட்டக் குடுத்துட்டுப் போயிச் சைக்கிள் கத்துக்கிட்டிருக்கு. சுதந்திர தினத்தன்னைக்குப் பொம்பளைகளுக்குச் சைக்கிள் போட்டி. அதுல மொதல்ல வந்து எவர்சில்வர் கொடம் வாங்கியிருக்கு. பேப்பர்க்காரன் படம் புடிச்சுப் போட்டிருக்கான். மறு வருஷம் மஞ்சக்காமாலை. போயிருச்சு. இந்தக் காளீஸ்வரிக்கு அப்ப ரெண்டு வயசு கூட ஆகல.

"வேற போட்டோ இல்லையா?"ன்னேன்.

"இல்ல மேடம். கோயில்ல வச்சுத் தாலி கட்டினது, போட்டோவெல்லாம் எடுக்கல. அப்பா வேற கல்யாணம் கட்டிக்கிட்டாரு. கொடத்தக்கூட வித்துட்டாரு. பெரியம்மாதான் சொல்லும், உங்கம்மா பேப்பர்ல வந்தவடின்னு. இப்ப எம் மக கேக்குறா, உங்கம்மா எப்படி இருப்பாங்கன்னு. எனக்கே தெரியாதேங்கிறேன்."

"பெரியம்மா ஜாடை சொல்லலையா?"

"கண்ணாடியப் பாத்துக்கங்குது. கண்ணாடியில எனக்கு இந்தப் பல்லுதான் மேடம் தெரியுது."

சொல்லிட்டு மறுபடி வாயப் பொத்திக்கிச்சு. இதுவும் வீட்டுல சொன்ன கதையா இருக்கும்னுதான் மொதல்ல நெனைச்சேன், பொய் சொல்லக் கூடாது. சைக்கிள் போட்டியாம், கொடமாம். ஆனா அந்தப் பேப்பரு "வைகறைச் செய்தி"ன்னு சொல்லுச்சு. எங்க மாடிப்படிக் கட்டு! அத விட்டா அந்தப் பேப்பருக்கு ஒலகத்துல வேற பிரதி கெடையாது.

பெனாசிர் முந்திக்கிச்சு. அதுக்குத்தான் பத்து விரலாச்சே. சைக்கிள் போட்டின்னு போடுது, இல்ல. வெள்ளத்தாய்னு போடுது, இல்ல. படத்துக்குக் கீழ இருக்குற பொடி எழுத்து மங்கிப் போயிருந்தா அந்த எந்திரத்துக்குப் படிக்க வராதாம். அப்புறம் தேதி போட்டுச்சு. பதினஞ்சாம் தேதி போட்டி, அப்பப் பதினாறாம் தேதிப் பேப்பர்தானேன்னு கணக்கு. "இந்த நாளுக்கு இதழ் இல்லை"ன்னு வந்துருச்சு. "அக்கா, மன்னிச்சிருங்க, அந்த ஒரு நாள் பேப்பர் மட்டும் தொலைஞ்சு போச்சு போலருக்கு"ன்னு உச்சுக் கொட்டுது. அந்தப் பொண்ணும் பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு. போற தினுசப் பாத்தா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுகைய அடக்கிக்கிட்டுப் போற மாதிரி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கம்ப்யூட்டர் படிச்சிருக்குக, கழுத, பேப்பர் படிச்சிருக்குகளா? "ஏய், நில்லு"ன்னேன். ரெண்டு பேரையும்தான். "ஆகஸ்டு பதினஞ்சு பேப்பர் ஆபீசுக்கு லீவு. லீவு நாள்ல எவன் அச்சடிப்பான்? அதனால பதினாறாம் தேதி பேப்பரே வராது. எந்த வருஷமும் வந்ததில்ல. நான் மொத வருஷமே ரப்பர் ஸ்டாம்ப கையில வச்சுக்கிட்டுப் பேப்பர்காரனத் தேடி வாசல்ல நின்னவ. எந்திரி, பதினேழு போடு."

எந்திரின்னு சொல்லி நானே உக்காந்துட்டேன் நாற்காலியில. தாசில்தாரக் கூப்பிட்டேன். தூங்குற பயலுகளத் தட்டி எழுப்பினேன். "வாங்க, வந்து பாருங்க, எங்க லைப்ரரிக் கட்டு, பாருங்க"ன்னேன். எல்லாரும் சுத்தி நின்னாக. ஒரு விரல்ல, ஒண்ணு, ஏழு. தட்டினேன்.

வந்துச்சு தம்பி! மொதப் பக்கம். மேல எங்க லைப்ரரியோட வட்ட முத்திரை, ஊதா மையில. அதுக்குள்ள என் இனிஷியல், அப்ப நான் வேலைக்குச் சேந்த புதுசு, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பாத்தீங்களா, யாரு போட்டதுன்னு காட்டினேன். ரெண்டாம் பக்கம் தள்ளினேன். மூணாம் பக்கம். அப்படியே கீழ எறக்கினேன்.

கறுப்பா ஒரு சதுரம். ஓட்டை. படம் இருக்க வேண்டிய எடத்துல சதுரமா வெட்டி எடுத்திருக்கு. கீழ எழுத்து மட்டும் இருக்கு, "மகளிர் சைக்கிள் போட்டியில் முதல் பரிசு பெற்ற செங்குளத்துப்பட்டி வெள்ளத்தாய்." இடது ஓரத்துல வெட்டினது போக மிச்சம் ஒரு துண்டு. பாதிச் சக்கரம், பெடல் மேல ஒரு காலு. கொலுசு போட்ட காலு.

காளீஸ்வரி மெல்ல வந்து அந்தக் காலு மேல விரல வச்சுச்சு. "இது எங்கம்மா காலா மேடம்?"

"கண்ணாடியத் தொடாதம்மா, ரேகை விழும்"னேன். வேற என்னத்தச் சொல்ல?

வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். "பாத்தீங்களா, பாத்தீங்களா, நான் தலப்பாடா அடிச்சுக்கிறேன்ல! எந்தக் களவாணிப் பயலோ பொம்பளப் படத்தப் பாத்து வெட்டிக்கிட்டுப் போயிருக்கான்! இவனுக கையெல்லாம் வெளங்குமா!" தாசில்தாரும் ஆமா ஆமான்னாரு. அந்த போர்டக் காட்டினேன், எல்லாரும் போர்டப் பாத்தாக. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது.

சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த மாதிரி அந்தப் பெனாசிர் குனிஞ்சு, அடுத்த பக்கத்தத் தட்டிருச்சு. நாலாம் பக்கம். அதுலயும் அதே சதுரம், அதே ஓட்டை. ஒரே தாளுக்கு முதுகுப் பக்கம்தானே. ஓட்டைக்கு மேல "வாசகியர் கோலம்"னு இருக்கு. கீழ "பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி எட்டு வரை"ன்னு இருக்கு. கோலம் இல்ல.

"மேடம், போட்டோவ யாரும் வெட்டல"ங்குது அந்தப் புள்ள. "கோலத்தத்தான் வெட்டியிருக்காங்க. நாலு கோடும் அளவா, கோலத்த ஒட்டியே போகுது. சும்மா ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி."

சொல்லிட்டு என்னையப் பாக்குது. தாசில்தாரு என்னையப் பாக்குறாரு. ஏன் பாக்கணுங்கிறேன்? ஊர்ல நான் ஒருத்திதான் கோலம் போடுறேனா? மார்கழி மாசம் என் வாசல் கோலத்த செல்போன்ல எடுத்துக்கிட்டு வந்து இவுகளுக்கெல்லாம் காட்டுவேன், ஆமா, காட்டுவேன், அதுக்காக? "ரொம்ப நேரமாச்சு, மூடு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன்.

அந்தப் பெனாசிர் அதுக்கப்புறம் வாயத் தொறக்கணுமே! ஒரு வார்த்த கேட்டிருந்தா நாலு வார்த்த திருப்பிக் குடுத்திருப்பேன். கேக்கல. அதுதான் திமிருங்கிறது.

காளீஸ்வரி அந்தப் பக்கத்த அப்படியே பிரிண்டு கேட்டுச்சு. ஓட்டையோட. பாதிச் சக்கரத்தையும் அந்தக் காலையும் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எங்கிட்ட வந்துச்சு. "நீங்க பதினேழுன்னு சொல்லலேன்னா இதுவும் எனக்குக் கெடச்சிருக்காது மேடம். காலாவது பாத்தேன்." சொல்லிட்டு, கும்பிட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. நம்மளக் கும்பிடுறவள என்ன சொல்லித் திட்டுறது, சொல்லுங்க? அன்னைக்குச் சோறு எறங்கல. வெயில்தான் காரணம்.

வீட்டுல பீரோ மேல ஒரு பழைய சேலைப் பெட்டி. அத எறக்கினேன். தூசி தட்டத்தான். உள்ள கோலம், கோலமாக் கெடக்கு. எந்தக் காலத்துதோ. சும்மா ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தேன். முப்பது வருஷம் வச்சிருந்திருக்கேன், ஒரு நாளும் திருப்பிப் பாத்ததில்ல தம்பி. யாரு பாப்பா? நமக்கு வேண்டியது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பாத்தா, ஒரு தேர்க்கோலத்துக்குப் பின்னால யாருக்கோ கண்ணீர் அஞ்சலி, பாதி மூஞ்சியோட. ஒரு தாமரைக்குப் பின்னால காணாமப் போன பையன். சடை முடி, கால் சட்டைன்னு அடையாளம் சொல்லியிருக்கு, யாருக்குத் தகவல் சொல்லணுங்கிற எடத்துல கத்தரிக்கோல் போயிருக்கு.

அப்புறம் இது.

சைக்கிள்ல இருக்கு. சேலைய இடுப்புல தூக்கிச் சொருகியிருக்கு. முன்னாடி ஹேண்டில்பார்ல கொடம். அழகின்னு சொல்ல முடியாது, சும்மா சொல்லக் கூடாது. அதே எத்துப்பல்லு. அப்படியே மக பல்லு. ஆனா வாயப் பொத்தல தம்பி. அத்தன பல்லும் வெளிய தெரிய, தொண்டை வரைக்கும் தெரிய, அப்படி ஒரு சிரிப்பு. கேமராவப் பாத்துக் கூடச் சிரிக்கல, சைக்கிளப் பாத்துச் சிரிக்குது. இப்படிச் சிரிக்கிறவள நான் என் வாழ்க்கையில நேர்ல பாத்ததில்ல.

இந்தப் பக்கம் திருப்பினா, பதினஞ்சு புள்ளிக் கோலம். அந்த வருஷ மார்கழியில எங்க தெருக் கோயில்ல கோலப் போட்டி வச்சாக. இந்தக் கோலம்தான் போட்டேன். எனக்கும் பரிசு. எவர்சில்வர் தட்டு. இன்னும் அதுலதான் சாப்பிடுறேன்.

இது என் வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? எப்படியோ வந்துச்சு. பழைய வீட்டுல எத்தனையோ சேரும்.

மறுநாளே கொண்டுபோயிக் குடுத்திருக்கலாம். குடுக்கத்தான் நெனைச்சேன். லைப்ரரிக்குப் போன ஒடனே அந்தப் பெனாசிர் டீய வச்சுட்டு, ரொம்பப் பணிவா, "மேடம், வீட்டுல பழைய கோலம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"ன்னு கேக்குது. அப்படி ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்டா எவ ஆமாம்பா? "இல்ல, எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு"ன்னேன். இல்லேன்னு சொன்ன வாய வச்சுக்கிட்டு அப்புறம் எதை எடுத்து நீட்டுறது? அதுதான் காரணமே. அந்தப் புள்ள கேட்டிருக்கலேன்னா என்னைக்கோ முடிஞ்சிருக்கும்.

தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொன்னேனா? சொல்லலையா? சரி, போன வாரமும் இதே வண்டியிலதான் போனேன். உங்க ஊரு வேப்பமரத்தப் பாத்தேன், டீக்கடையப் பாத்தேன். நாலு பொம்பளைக மில்லு வண்டிக்கு நிக்கிறாக. அதுல அதுவும் நின்னுச்சு, வாயப் பொத்திக்கிட்டு யார்கூடயோ பேசிக்கிட்டு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். எதுக்குக் குனியணும்? கழுத்து வலி.

தம்பி, ஒரு ஒத்தாசை. இந்தப் பையில, நடுவுல, அட்டை வச்சு, பிளாஸ்டிக் தாள் போட்டு வச்சிருக்கேன். இத அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்திருங்க. கோலத்த நான் போன்ல எடுத்து வச்சுக்கிட்டேன், எனக்கு அது போதும். யாரு குடுத்தான்னு கேட்டா, எடைக்கடையில கெடந்துச்சு, ஊர் பேரு பாத்து எடுத்தேன்னு சொல்லுங்க. லைப்ரரின்னு சொல்லாதீங்க. வயசான பொம்பளைன்னும் சொல்லாதீங்க. நீங்க நல்ல ஆளாத் தெரியுறீங்க, டிக்கெட் கேக்கும்போதே பாத்தேன். போன வாரம் உங்க ஊருக்கு ஒருத்தன் எறங்கினான், வெத்தல எச்சியத் துப்பிக்கிட்டு. அவன் கையில குடுப்பேனா இத?

வேப்பமரம் தெரியுது பாருங்க. எந்திரிங்க, கூட்டத்துல நசுங்கிரும். நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கங்க. மடிச்சிராதீங்க தம்பி, மடிப்பு சரியா அது வாய் மேலதான் விழும்.

என்ன கண்டக்டரே? என்னையவா கூப்பிடுறீரு? நானும் செங்குளத்துப்பட்டிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கேனா? சரிய்யா, வாங்கினேன், அதுக்கென்ன இப்ப? எறங்கல. போன வாரமும் இப்படித்தான் பண்ணுனேன்னு ஊரக் கூட்டாதேயும். அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு கிழிச்சுக் குடுத்துட்டு விசில ஊதும்.